31 வருட ஓடைப் பதிவை நிறுத்தலாமா? துறைக் குழுவுக்கு என்ன எழுதுவது?

#1 ஓடைமாணவி

அனைவருக்கும் வணக்கம். ஆய்வு மாணவியாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. என் வழிகாட்டி ஒரு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியில் 31 வருடமாக அளவீடு நடத்தி வருகிறார். காட்டிலிருந்து இறங்கும் ஓடையில் ஓட்டத்தை அளக்க ஒரு வி வடிவத் தடுப்பு, இரண்டு மழைமானிகள், மாதம் ஒருமுறை நீர் மாதிரி. கடைசி எட்டு வருடமாகக் கரையில் 12 கேமராக்களும் இருக்கின்றன.

அவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். நிதியும் அதோடு முடிகிறது. துறைக் குழுவில், "31 வருடத்தில் தேவையானது தெரிந்திருக்கும், இனி புதிதாக என்ன வரப்போகிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். பதிலாக இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார்.

எனக்கு இந்த ஓடை மேல் பாசம் வந்துவிட்டது, அதனாலேயே என் வாதத்தை நானே நம்பத் தயங்குகிறேன். தொடர வேண்டும் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள். நிறுத்தலாம் என்பவர்களும் தயங்காமல் சொல்லுங்கள், அதுவும் எனக்குத் தேவை.

#2 நீர்மானி

அம்மா, நான் களத் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன். வாழ்க்கையில் பாதி நாள் தடுப்பில் சேர்ந்த இலையையும் வண்டலையும் வாரியிருக்கிறேன். அதனால் என் பக்கம் எது என்று சொல்லத் தேவையில்லை.

குழுவுக்கு ஹப்பர்டு புரூக் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள காடு. 1963இல் டார்ட்மவுத் கல்லூரியின் போர்மனும் லைகன்ஸும், அங்கே ஏற்கெனவே இருந்த வனத்துறை ஆய்வாளர்களோடு சேர்ந்து, சின்னச் சின்ன நீர்ப்பிடிப்புகளில் என்ன உள்ளே வருகிறது, என்ன வெளியே போகிறது என்று கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். மழையில் எவ்வளவு, ஓடையில் எவ்வளவு. வரவு செலவுக் கணக்கு மாதிரிதான். அமில மழையைத் தேடி யாரும் அங்கே போகவில்லை. மழைநீரைச் சோதித்தபோது அது எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அமிலமாக இருந்தது. தொழிற்சாலைகளிலிருந்து வெகு தொலைவில் உள்ள காடு அது.

அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அடுத்த பகுதி. காற்றுமாசு விதிகள் வந்த பிறகு மழையின் அமிலத்தன்மை குறைகிறதா என்ற கேள்வி எழுந்தது. ஒரு நாலு வருடத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஏறுவது போல இருக்கும், இன்னொரு நாலு வருடத்தில் இறங்குவது போல இருக்கும். உண்மையில் குறைகிறது என்று புள்ளியியல் உறுதியோடு சொல்ல 18 வருடத் தொடர் பதிவு தேவைப்பட்டது. மூன்று வருட நிதியில் வந்து போகிறவர்கள் எந்த மூன்று வருடத்தில் வந்தார்கள் என்பதைப் பொறுத்து எதிரெதிர் முடிவுகளை எழுதியிருப்பார்கள்.

#3 எதிர்க்கேள்வி

நிறுத்தலாம் என்பவரையும் கூப்பிட்டதால் வருகிறேன். நானும் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறேன்.

ஹப்பர்டு புரூக் எல்லாரும் சொல்லும் உதாரணம். ஆனால் அங்கே அவர்கள் சும்மா அளந்துகொண்டு மட்டும் இருக்கவில்லை. 1965 குளிர்காலத்தில் ஒரு நீர்ப்பிடிப்பில் இருந்த காட்டை முழுவதுமாக வெட்டினார்கள். மூன்று கோடைக்கு அங்கே எதுவும் முளைக்காதபடி களைக்கொல்லி தெளித்தார்கள். பக்கத்தில் வெட்டாமல் விட்ட நீர்ப்பிடிப்போடு ஒப்பிட்டதில் முதல் வருடம் ஓடை நீர் 39% கூடியது, நைட்ரேட் சுமார் 40 மடங்கு ஏறியது. ஒரு கேள்வி, ஒரு சோதனை, ஒரு விடை.

கேள்வி இல்லாமல் சேரும் தரவு அலமாரியில்தான் கிடக்கும். எத்தனை திட்டங்களில் நீர் மாதிரி எடுத்து, பகுப்பாய்வு செய்து, எக்செல்லில் போட்டு, அதைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்! ஓர் இனம் அழிந்துகொண்டே போவதை வருடா வருடம் துல்லியமாக எண்ணிக்கொண்டு மட்டும் இருப்பதை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் ஒரு கழிவுநீர் வாய்க்காலைத் திருப்பிவிட்டிருந்தால் ஓடைக்கு நல்லது நடந்திருக்கும்.

ஓடைமாணவி, உங்கள் ஓடையின் கேள்வி என்ன? அதை ஒரு வரியில் எழுத முடிந்தால் நான் உங்கள் பக்கம் வருகிறேன்.

#4 கரையோரம்

நான் ஆய்வாளர் இல்லை. ஓர் ஆற்றங்கரையில் பயிர் செய்யும் குடும்பம். எதிர்க்கேள்வி கேட்டதையே நான் வேறு பக்கமிருந்து கேட்கிறேன்.

எங்கள் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நாலு வருடம் வந்தார்கள். எங்கள் கிணறுகளில் குழாய் இறக்கி மட்டம் பார்த்தார்கள், பாட்டிலில் நீர் பிடித்துப் போனார்கள். வெயிலில் வந்த பிள்ளைகளுக்கு நாங்கள் நிழலும் தண்ணீரும் கொடுத்தோம். நாலாவது வருடத்தோடு வரவு நின்றுவிட்டது. என்ன தெரிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து என் அக்கா மகன் இணையத்தில் தேடியபோது ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. அதில் எங்கள் கிணறு ஓர் எண்ணாக இருந்தது. நைட்ரேட் குடிநீர் வரம்பைத் தாண்டிய கிணறுகளில் அதுவும் ஒன்று. அந்தத் தண்ணீரைத்தான் இரண்டு வருடமும் வீட்டில் குடித்தோம், கைக்குழந்தை இருந்த வீட்டில்.

அதனால் கேட்கிறேன், கோபத்தில் இல்லை: 31 வருடத்தில் அந்த ஓடைக்குக் கீழே இருப்பவர்களிடம் என்ன சொன்னீர்கள்?

இன்னொரு சந்தேகம். காட்டை வெட்டினால் தண்ணீர் கூடியது என்று எழுதியிருக்கிறார். காடு போனால் தண்ணீர் போகும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

#5 நீர்மானி

கரையோரம், உங்கள் வீட்டுக் கிணற்றுச் செய்தி படித்து மனம் கனத்துவிட்டது. பாட்டிலில் நீர் பிடித்துப் போனவர்களில் ஒருவனாக நானும் பல ஊர்களில் இருந்திருக்கிறேன். முடிவு வந்ததும் கிணற்றுக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்ற விதி எங்களுக்கு யாரும் வைக்கவில்லை. நாங்களாகவும் வைத்துக்கொள்ளவில்லை. அது தவறு.

காட்டுக் கேள்விக்கு வருகிறேன். மரம் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக விடுகிறது. பெய்யும் மழையில் ஒரு பங்கு இலையிலேயே தங்கி அப்படியே காய்ந்தும் போகிறது. வெட்டினால் இந்த இரண்டு செலவும் நிற்கும், அதனால் வருட மொத்த ஓட்டம் கூடும். 1982இல் போஷும் ஹியூலெட்டும் உலகின் பல பகுதிகளில் நடந்த 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளைத் தொகுத்தார்கள். அநேகமாக எல்லாவற்றிலும் இதே திசைதான்.

ஆனால் 'மொத்தம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். விவசாயிக்கு வேண்டியது கோடையில் ஓடும் நீர். வெட்டிய நிலம் மாடும் வண்டியும் மிதித்து இறுகிப்போனால் மழை உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடும். வெள்ளம் பெருகும், மண் போகும், மழையில்லாத மாதங்களில் ஓடை மெலியும். மண் கெடாமல் இருந்தால் வேறு விடை வரும். அந்தந்த மண்ணையும் மழையையும் பொறுத்தது என்பதால்தான் ஒவ்வோரிடத்திலும் நீண்ட பதிவு வேண்டும் என்கிறேன். வருட மொத்தத்தை மட்டும் வைத்திருந்தால் இது தெரியாது. தினசரிப் பதிவு இருந்தால்தான் தெரியும்.

#6 தடம்பார்ப்பவர்

காட்டுயிர்ப் பக்கமிருந்து எழுதுகிறேன். கேமராப் பொறியோடும் எச்சம் பொறுக்குவதோடும் பதினைந்து வருடம் போய்விட்டது.

எதிர்க்கேள்வி, 'ஒரு கேள்வி, ஒரு சோதனை, ஒரு விடை' என்பது ஏரிக்கும் ஓடைக்கும் நடக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் சோதனை ஏரிகள் பகுதி இருக்கிறது. 1973இல் 226ஆம் எண் ஏரியை நடுவில் ஒரு திரை போட்டுப் பிரித்தார் ஷிண்ட்லர். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி பாசி படர்ந்து பச்சையாகிவிட்டது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படம் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் விவாதத்தையே நகர்த்தியது. அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஓநாய்க் கூட்டத்துக்கு நடுவில் எப்படித் திரை போடுவது?

ஐல் ராயல் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். சுப்பீரியர் ஏரியின் நடுவில் இருக்கிறது. ஓநாயையும் மூஸ் மானையும் 1958 முதல் எண்ணி வருகிறார்கள். பர்டூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் தொடங்கினார், பிறகு மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. பத்து வருடத் திட்டமாகத்தான் ஆரம்பித்தது. அதோடு நிறுத்தியிருந்தால், இரையும் வேட்டையாடியும் சமநிலையில் இருக்கின்றன என்று எழுதி மூடியிருப்பார்கள். அதன் பிறகு 1980இல் 50 ஓநாய்கள், 1982இல் 14. நாய்களிடமிருந்து வந்த பார்வோ வைரஸ். அப்புறம் நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் நலிந்து 2016இல் இரண்டே இரண்டு மிஞ்சின. அதற்குள் மூஸ் பெருகிவிட்டது. 2018, 2019இல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எந்தக் கேள்வியை முதல் வருடம் எழுதியிருந்தால் இதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும்?

ஓடைமாணவிக்குத் தனியாக ஒன்று. உங்கள் கேமராப் படங்களை எண்ணிக்கை என்று குறிப்பில் எழுதிவிடாதீர்கள். 200 படம் என்றால் 200 விலங்கு இல்லை. ஒரு வருடம் படம் குறைந்தால் விலங்கு குறைந்தது என்றும் இல்லை, புல் உயர்ந்து மறைத்திருக்கலாம், பேட்டரி போயிருக்கலாம். வரியோ புள்ளியோ வைத்துத் தனித்தனியாக அடையாளம் காணும் விலங்கானால் கணக்கு சுலபம். முதல் சுற்றில் 40, இரண்டாம் சுற்றில் 50, அதில் 10 முன்பே பார்த்தவை என்றால் ஏறக்குறைய 200 இருக்கும். ஐந்தில் ஒன்றுதான் பழைய முகம் என்பதால் முதலில் பார்த்ததும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நடுவில் வரத்துப்போக்கு இல்லை, எல்லாம் சமமாகக் கண்ணில் படும் என்ற நிபந்தனை இதற்குள் இருக்கிறது. அதை மறக்கும் இடத்தில்தான் பல அறிக்கைகள் தவறுகின்றன.

#7 ஓடைமாணவி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கரையோரம் அண்ணா, உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில்: ஒன்றும் சொல்லவில்லை. வழிகாட்டியிடம் கேட்டேன். "கேட்டால் கொடுத்திருப்பேன்" என்றார். கேட்க வேண்டும் என்று கீழே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் திருப்பிக் கேட்டபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

எதிர்க்கேள்வி ஐயா, ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: "மழையில்லாத மாதங்களில் ஓடையின் ஓட்டம் மாறியிருக்கிறதா, மாறியிருந்தால் மழையாலா, மேலே காடு மாறியதாலா?" இது போதுமா?

#8 எதிர்க்கேள்வி

போதும். அதுவும் கரையோரம் கேட்ட கேள்வியை ஒட்டியே இருக்கிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன், தொடரலாம் என்றே என் வாக்கு.

ஐல் ராயல் விஷயத்தில் தடம்பார்ப்பவர் சொல்வதையும் ஏற்கிறேன். ஆனால் என் பயம் ஒன்று பாக்கி இருக்கிறது. நீண்ட பதிவு இருக்கிறது என்பதாலேயே அது சரியானதைச் சொல்கிறது என்று ஆகாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் பற்றிச் சொல்கிறேன். அங்கே தரவுக்குப் பஞ்சமே இல்லை. பெரிய இழுவைக் கப்பல்கள் பிடித்துவரும் அளவும் மதிப்பீட்டில் பெரிய பங்கு வகித்தது. மீன் குறையக் குறைய மிச்சம் இருந்தவை நெருங்கிக் கூடின, கப்பல்களும் கருவிகளின் உதவியோடு கூட்டம் இருக்கும் இடத்துக்கே போயின. பிடி குறையவில்லை, அதனால் மீனும் குறையவில்லை என்று காகிதம் சொன்னது. கரையோரத்தில் சிறு படகில் போனவர்கள் மீன் வருவது குறைகிறது, வருவதும் சிறுத்துவிட்டது என்று 1980களின் நடுவிலேயே சொன்னார்கள். அதை அனுபவக் கதை என்று ஒதுக்கினார்கள். 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே மூட வேண்டி வந்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த மீன்வளம் பழைய நிலைக்கு வரவில்லை.

அதனால் குழுவுக்கு எழுதும்போது ஓடைக்குக் கீழே இருப்பவர்கள் பார்த்ததையும் பதிவின் ஒரு பகுதியாகச் சேருங்கள். அவர்களுக்கு மரியாதை செய்வதற்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் கருவி பார்க்காத இடத்தை அவர்கள் பார்க்கிறார்கள்.

#9 கரையோரம்

இதைத்தான் சொல்ல நினைத்தேன், எனக்கு உதாரணம் தெரியவில்லை. எங்கள் ஆற்றில் எந்த மடு எந்த மாதம் வற்றும் என்று என் தாத்தா காலத்துக் கணக்கு வாய்வழியாக இருக்கிறது. யாரும் கேட்டதில்லை.

#10 பொதுநிலம்

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பொருளாதாரம் படிப்பவள். கரையோரத்தின் வரியைப் பார்த்ததும் எலினோர் ஆஸ்ட்ரம் ஞாபகம் வந்தது. பொதுவளத்தை மக்கள் எப்படிக் கட்டிக்காக்கிறார்கள் என்ற ஆய்வுக்காக 2009இல் நோபல் வாங்கியவர், பொருளாதாரத்தில் அதை வாங்கிய முதல் பெண். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே நிலத்தடி நீர் பற்றியதுதான். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு நிலத்தடிப் படுகையில் எல்லோரும் போட்டி போட்டு நீர் எடுத்து, கடல் நீர் உள்ளே ஏற ஆரம்பித்துவிட்டது. எடுப்பவர்களே கூடிப் பேசி, யார் எவ்வளவு எடுக்கலாம் என்று ஒப்பந்தத்துக்கு வந்ததை 1965இல் எழுதி முடித்தார்.

அந்த ஒப்பந்தம் சாத்தியமானதற்கு ஒரு காரணம், படுகையில் எவ்வளவு இருக்கிறது, யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற கணக்கு எல்லோர் கையிலும் ஒரே மாதிரி இருந்தது. அடுத்தவர் அதிகம் எடுக்கிறாரோ என்ற சந்தேகம் இருக்கும் இடத்தில் யாரும் தன் பம்பை நிறுத்த மாட்டார்கள். அளவீடு ஆய்வுக் கட்டுரைக்கு என்று மட்டும் நினைப்பது அதனால்தான் எனக்கு உறுத்துகிறது.

#11 தடம்பார்ப்பவர்

இதோடு ஒட்டி இன்னொன்றையும் குறிப்பில் சேர்க்கலாம்: நீரும் காட்டுயிரும் ஒரே பதிவில் இருப்பதன் பலன். அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ஓடைகளில் கோஹோ சால்மன் மீன் முட்டையிட ஏறி வந்து, மழைக்குப் பின் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தது. முட்டை வயிற்றிலேயே இருக்கும். சாலையிலிருந்து வழியும் மழைநீரில்தான் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தும் எது என்று பிடிபடப் பல வருடமானது. வாஷிங்டன் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, நீரை வேதிப்பொருள் கூட்டங்களாகப் பிரித்துப் பிரித்து, மீன் எதில் சாகிறது என்று பார்த்துக்கொண்டே போனார்கள். 2020 டிசம்பரில் வெளியிட்டார்கள். டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருள், காற்றில் உள்ள ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் நச்சு அது. அதற்கு முன் அப்படி ஒரு பொருளை யாரும் தேடவே இல்லை.

மீன் எப்போது சாகிறது, மழை எப்போது பெய்தது என்ற களப்பதிவு முன்பே இல்லாவிட்டால் எங்கே பிரிக்கத் தொடங்குவது என்றே தெரிந்திருக்காது. உங்கள் மாதிரி பாட்டில்களில் மிச்சம் இருந்தால் உறையவைத்து வையுங்கள். இன்று பெயர் தெரியாத பொருளை இருபது வருடம் கழித்து ஒருவர் அதில் தேடலாம்.

#12 நீர்மானி

குறிப்புக்குச் சில செலவு யோசனைகள். குழு முதலில் பார்ப்பது அதைத்தான்.

எதை விட்டாலும் நீர்மட்டப் பதிவையும் மழைமானியையும் விடாதீர்கள். நடுவில் ஓட்டை விழுந்தால் பிறகு எந்தப் பணத்தாலும் அதை அடைக்க முடியாது. நீர் வேதியியலை மாதம் ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்து, மிச்சப் பணத்தில் பெருமழை நாட்களில் அடுத்தடுத்து மாதிரி எடுங்கள். வருடத்தில் போகும் வண்டலிலும் சத்திலும் பெரும்பங்கு ஒரு சில வெள்ள நாட்களில்தான் போகும். மாதத் தேதி பார்த்துப் போகிறவர் அந்த நாளைத் தவறவிடுவார்.

கருவி மாற்றுவதாக இருந்தால் பழையதும் புதியதும் குறைந்தது ஒரு வருடமாவது சேர்ந்து ஓடட்டும். நீரில் மூழ்கும் அழுத்தமானி, காற்று வெளியேறும் குழாய் இல்லாத வகை என்றால், நீரின் அழுத்தத்தோடு காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே காட்டும். காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே ஓடை 10 சென்டிமீட்டர் மாறியது போலத் தெரியும். கரையில் இன்னொரு அழுத்தமானி வைத்துக் கழிக்க வேண்டும். இந்த ஒரு தவறால் 'வறண்ட காலத்தில் நீர் கூடியது' என்று எழுதிய அறிக்கையை நானே பார்த்திருக்கிறேன்.

#13 ஓடைமாணவி (மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குறிப்பைக் கொடுத்தேன். கரையோரம் அண்ணா கேட்டதை முதல் பத்தியாகவே வைத்தேன்: இதுவரை சொல்லவில்லை, இனி வருடம் ஒருமுறை ஓடைக்குக் கீழே உள்ளவர்கள் முன்னால் எல்லா எண்களையும் வைப்போம், குடிநீர் வரம்பு தாண்டிய எதையும் அந்த வாரமே சொல்வோம் என்று. குழு இரண்டு வருடத்துக்கு மட்டத்தையும் மழையையும் தொடர ஒப்புக்கொண்டது. கேமராவுக்குப் பணம் இல்லை. வருத்தம்தான்.

வேலை தொடங்கப் பழைய களக் குறிப்பேடுகளை எடுத்தேன். கணினி வருவதற்கு முன் 19 வருடம் ஒரே ஆள் தினமும் காலையில் போய் மட்டம் எழுதியிருக்கிறார். ஓரத்தில் பென்சிலில் வேறு குறிப்புகள்: "நீர்நாய் 3, குட்டியோடு." "ஆமை கரையில்." "இன்று தவளைச் சத்தம் இல்லை." எண்களை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டு ஓரத்தை யாரும் பார்க்கவில்லை. கேமரா வைப்பதற்கு முந்தைய காலத்து விலங்குப் பதிவு முழுக்க அங்கே இருக்கிறது. உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

தடம்பார்ப்பவர் ஐயா, ஒரு சந்தேகம். அவர் ஒன்றும் எழுதாத நாட்களை நீர்நாய் 'இல்லை' என்று எடுக்கலாமா?

#14 தடம்பார்ப்பவர்

கூடாது. இரண்டையும் பிரித்து வையுங்கள். மட்டம் எழுதிய நாள் என்றால் அவர் அங்கே போயிருக்கிறார், 'போனார், குறிக்கவில்லை' என்று ஒரு வகை. மட்டமும் இல்லாத நாள் வெறும் காலி. முதல் வகையிலும் அவர் பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்தும் எழுதாமல் விட்டிருக்கலாம். அது எவ்வளவு நடக்கும் என்பதைக் கணக்கிட முறைகள் உண்டு, அடுத்தடுத்த நாட்களில் போயிருப்பதால் உங்களுக்கு வசதிதான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். குறிப்பேடுகளை இந்த வாரமே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள். அந்த மனிதர் உயிரோடு இருந்தால் போய்ப் பாருங்கள். எந்த நேரத்துக்குப் போவார், எங்கே நின்று பார்ப்பார், நீர்நாயை எப்போதும் எழுதுவாரா, குட்டி இருந்தால் மட்டுமா என்று கேளுங்கள்.

#15 ஓடைமாணவி

இருக்கிறார். 84 வயது. ஓடைக்குக் கீழ்ப்பக்கம்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.